விஜயதசமியன்று பிரித்த புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நகைச்சுவை நாவல்களுக்கு நீங்கள் ஒதுக்கியிருந்த பக்கங்களை ஆசையாகப் படித்தேன். கோர்ட்டை வைத்து எழுதிய நாவல் ஒன்றுகூட அதில் இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். ஆயுதபூஜையன்று எங்கள் ஆபீஸில் சட்டப் புத்தகங்களையும் கேஸ் கட்டுகளையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பிரிண்டருக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவோம். மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் எதையும் பிரிக்கக் கூடாது. பூஜை முடிந்ததும் ஆளுக்கு நாலு வரியாவது வாசிக்க வேண்டும், அப்புறம்தான் சாப்பாடு. வழக்கமாக சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவை வாசிப்போம். இந்த வருஷம் சீனியர் அடுக்கிலிருந்து உருவியது சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’. வழக்கு விசாரணைக்கு வரும் அத்தியாயத்தைப் பிரித்து, வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

பிக்விக் வயதான பிரம்மச்சாரி. வேலைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளும் யோசனையை வீட்டுக்கார அம்மாளிடம் சுற்றிவளைத்துச் சொல்கிறார். கணவரை இழந்த அந்த அம்மாள், தன்னைத்தான் கல்யாணத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவர் கையிலேயே மயங்கி விழுகிறார். கல்யாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றினார் என்று வழக்கு. வாதி வக்கீல் காட்டும் ஆதாரம் இரண்டு துண்டுச் சீட்டுகள். ஒன்றில் எழுதியிருப்பது சாப்ஸ் (இறைச்சித் துண்டு), தக்காளி சாஸ், அவ்வளவுதான். அதையே காதல் கடிதமாக்கி ஜூரியிடம் 750 பவுண்டு நஷ்டஈடு வாங்கிவிடுகிறார்கள்.

நதானியேல் என்ற சாட்சியின் பெயரை நீதிபதி டேனியல் என்று எழுதிக்கொண்டு, நீ சொல்லாமல் என் குறிப்பில் எப்படி வந்தது என்று அவரையே அதட்டும் இடத்தில் எங்கள் குமாஸ்தா அண்ணாச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாற்பது வருஷமாகக் கட்டு சுமக்கிறவர். “இது நம்ம கோர்ட்டுல்லா!” என்றார்.

பிக்விக்கே கூண்டேறி உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வாதியும் பிரதிவாதியும் தங்கள் வழக்கில் சாட்சி சொல்ல முடியாதாம். இந்த வகை வழக்குகளில் அது மாறியது 1869இல்தான் என்றார் சீனியர். டிக்கன்ஸ் பதினைந்து வயதில் வக்கீல் ஆபீஸில் எழுத்தராக இருந்தவர், அவருடைய அப்பா கடன் கட்ட முடியாமல் சிறைக்குப் போனவர் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால்தான் சிரிக்கவைத்துக்கொண்டே கதை கடன்காரர் சிறைக்குள் போகிறது. பணம் கட்ட மறுத்து பிக்விக் உள்ளே போகிறார். பிறகு தன் வக்கீல்களுக்குக் கட்டாத செலவுக்காக அந்த அம்மாளும் அதே சிறைக்கு வந்து சேர்கிறார். அந்த இடத்தில் எல்லோரும் பேசாமல் இருந்தோம். எங்களிடமும் பணம் வசூலிக்கும் நிறைவேற்று மனுக்கள் வருகின்றன. நிஜமாகவே கையில் இல்லாதவரைக் கடனுக்காக உள்ளே தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதியது 1980இல். அது எவ்வளவு பெரிய தீர்ப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு இலை விரித்தோம். அண்ணாச்சி வீட்டிலிருந்து தூக்குவாளியில் சொதி வந்திருந்தது. தேங்காயின் முதல் பாலைக் கடைசியில் விட்டு இறக்கிய சொதி, முருங்கைக்காய் மணத்தோடு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். பக்கத்து இலையிலிருந்த ஜூனியர் திடீரென்று எழுந்து, “சொதியாம்! இஞ்சிப் பச்சடியாம்! கனம் நீதிபதி அவர்களே, இதற்கு என்ன அர்த்தம்?” என்று கதையில் வரும் வாதி வக்கீல் மாதிரியே வாதாட ஆரம்பிக்க, பரிமாறிக்கொண்டிருந்த சீனியர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

1836, 37இல் மாதாமாதம் பகுதி பகுதியாக வந்த கதை இது. தொடர்கதை படித்து வளர்ந்த நமக்குப் பொருந்தும். முழுதும் முடியாவிட்டாலும் அந்த விசாரணை அத்தியாயத்தையாவது நல்ல தமிழில் நீங்கள் வெளியிட வேண்டும். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. பிக்விக் எப்படி வெளியே வந்தார் என்று மறுநாளே கேட்டார். தினம் சாயங்காலம் கட்டெல்லாம் கட்டி முடித்த பிறகு அரைமணி நேரம் சொல்லிவருகிறேன். தமிழில் அச்சில் வந்தால் அவரே வாசித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.