கருநீலம் அடிக்கச் சொன்னது நான்கு இடத்தில்: வெளிப்புற வேலை குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்
(பெயரும் ஒப்பந்த எண்ணும் இணைத்துள்ள ரசீதில் உள்ளபடி)

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வீட்டு வெளிப்புற வடிவமைப்பு மற்றும் பெயிண்டிங் நிறுவனம்

பொருள்: மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ் முகப்பில் செய்த கருநீல வேலையில் உள்ள குறைகளைச் சொந்தச் செலவில் சரிசெய்து தரக் கோருதல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டின் வெளிப்புறத்தை மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ் பாணியில் மாற்றித் தரும் வேலையை உங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். நெடுக்குப் பலகை பதித்த வெள்ளைச் சுவர், சரிவான கூரை, கறுப்பு ஜன்னல் சட்டம், மர நிறத்திலேயே விட்ட வராந்தாத் தூண்கள், அப்புறம் முன்கதவு, பின்கதவு, ஜன்னல் ஷட்டர்கள், கார் ஷெட் கதவு ஆகிய நான்கு இடங்களில் மட்டும் கருநீலம். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான். சுவரிலும் கூரையிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுத்தமான வேலை, சொல்லித்தான் ஆக வேண்டும். குறையெல்லாம் கருநீலத்தில்.

அதைத் தொலைபேசியில் சொன்னபோதெல்லாம் உங்கள் ஆட்கள் தந்த பதில், "நேவி புளூ என்றாலே அப்படித்தான் சார், வெயிலுக்கு நிற்காது." அப்படியானால் எதற்காக அதை எனக்குப் பரிந்துரைத்தீர்கள் என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பதிலே சரியில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

முதலில் பின்கதவைப் பாருங்கள். அதே ஷேட், அதே ஆட்கள். மரக்கதவு, மேலே தாழ்வாரம் இறங்கியிருப்பதால் நேர் வெயில் படாது. இன்றைக்கும் புதிதாக அடித்தது போல இருக்கிறது. வெள்ளைச் சுவருக்கு நடுவே அந்த ஆழமான நீலமும் பித்தளைக் கைப்பிடியும் சேர்ந்து நிற்கும் அழகைப் பார்த்துத்தான் மற்ற மூன்று இடங்களைப் பற்றி என் கோபம் கூடுகிறது. நிறம் கெட்டது என்றால் இங்கேயும் கெட்டிருக்க வேண்டும் அல்லவா?

குறைகளில் முதலாவதாக மேற்குச் சுவருக்கு வருகிறேன். மதியத்துக்கு மேல் வெயில் நேராக இறங்கும் பக்கம் அது. அந்த ஜன்னல்களின் இரு புறமும் நீங்கள் பொருத்தியவை உள்ளே கூடான பிவிசி ஷட்டர் பலகைகள். வந்தபோது வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தன. மாட்டிய பிறகு மேலே கருநீலம் அடித்தார்கள். இப்போது நடுப்பகுதி வில்லாக வளைந்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிறது. மேல் திருகு பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழ்த் திருகு இருந்த துளை இழுபட்டு நீள்வட்டமாகிவிட்டது. காற்று அடித்தால் பலகை சுவரில் மோதி, மோதிய இடத்தில் வெள்ளைப் பெயிண்டும் பெயர்ந்திருக்கிறது. ஒரு குறை இன்னொரு குறையைப் பெற்றுப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெயிலின் குற்றம் என்கிறார் உங்கள் மேற்பார்வையாளர். வெயில் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. ஒரு நிறம் தன் மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு எல்ஆர்வி என்று ஓர் எண் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. பல ஷேட் கார்டுகளில் நிறத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். எங்கள் சுவரில் உள்ளது போன்ற வெள்ளைகள் 80-க்கு மேல் வரும். கருநீலங்கள் பெரும்பாலும் 10-க்குக் கீழே. பிவிசி பலகை தயாரிப்பாளர்களில் பலர், 55-க்குக் குறைந்த நிறத்தைச் சாதாரண பெயிண்டில் இதன் மேல் அடிக்காதீர்கள் என்று குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். காரணம் எளியது. ஒளியைத் திருப்பி அனுப்பாத பரப்பு அதைச் சூடாக வாங்கிக்கொள்கிறது, பிவிசியோ 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகும் பொருள். இருண்ட நிறத்தோடு மேற்கு வெயிலில் நிற்கும் உள்கூடான பலகை, காற்றின் வெப்பத்தைவிட எவ்வளவோ மேலே போகும். இளகியது, வளைந்தது, இரவில் குளிர்ந்து அந்த வளைவிலேயே இறுகிவிட்டது.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகத்தான் வருகிறது. நீலத்தை இருட்டாக்கச் சேர்க்கும் கார்பன் கறுப்பு அதையும் மிச்சம் வைக்காமல் உறிஞ்சிவிடும். அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் நிறமிகள் போட்டு, பிளாஸ்டிக் பலகைக்கென்றே தயாரிக்கும் பெயிண்ட் இருக்கிறது. பார்வைக்கு அதே கருநீலம்தான், சூடு மட்டும் குறைவு. இல்லையென்றால் மரத்திலோ அலுமினியத்திலோ ஷட்டர் போட்டிருக்கலாம். இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் விலை வித்தியாசத்தைக் கொடுத்திருப்பேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது, கார் ஷெட் கதவு. முகப்பிலேயே பெரிய நீலப் பரப்பு இதுதான், அதனால் எல்லோர் கண்ணும் முதலில் இங்கேதான் போகிறது. முன்கதவும் இதுவும் ஒரே ஷேட் என்று ரசீது சொல்கிறது. நேரில் பார்த்தால் முன்கதவு கருநீலம், இது வெளுத்த ஜீன்ஸ். நாளாக நாளாக வெளுத்திருந்தால்கூட ஒரு பேச்சு. அடித்து உலர்ந்த அன்றே இப்படித்தான் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் துணி நீலமாகிறது. கதவில் சாய்ந்தவர்களின் சட்டையிலும் தோளில் நீலம். தொட்டால் லேசாக ஒட்டுகிற மாதிரியும் இருக்கிறது.

உங்கள் ஆட்கள் விட்டுப்போன காலி டின்களைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. முன்கதவு டின்னில் டீப் பேஸ் (இருண்ட நிறம் கலப்பதற்கான மூலப் பெயிண்ட்) என்றும், ஷெட் கதவு டின்னில் வெள்ளை பேஸ் என்றும் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன்: இருண்ட நிறங்களுக்கான பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருக்கும். அப்போதுதான் நீலம் ஆழமாக வரும். வெள்ளை பேஸில் எவ்வளவு நீலம் ஊற்றினாலும் பால் கலந்த நீலம்தான் கிடைக்கும். நிறம் வரவில்லையே என்று அளவுக்கு மேல் கலரன்ட் என்ற நிறத் திரவத்தை ஊற்றினால், அதில் உள்ள உலராத திரவங்கள் படலத்தை இறுக விடாது. ஒட்டும், துணியில் வரும், சீக்கிரம் பொடியும். டின்னின் மேல் அதிகபட்சக் கலரன்ட் அளவு அச்சிட்டிருக்கிறது. நிறம் கலக்கும் டிண்டிங் மெஷின் ஒட்டிய சீட்டில் உள்ள அளவு அதைத் தாண்டியிருக்கிறது. இரண்டையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

நீலம் வெயிலுக்கு நிற்காது என்ற பேச்சை இந்த இடத்தில் முடித்துவிடுகிறேன். இன்றைய கருநீலப் பெயிண்டுகளில் பெரும்பாலும் இருப்பது தாலோசயனின் நீலம். 1930-களிலிருந்து விற்பனையில் இருக்கும் நிறமி. வெயில், அமிலம், சிமெண்டின் காரம் எல்லாவற்றுக்கும் நன்றாகத் தாங்கும் என்று பெயர் எடுத்தது. அதற்கு முந்தைய காலத்து பிரஷ்யன் நீலம் காரம் பட்டால் பழுப்பாகும், அல்ட்ராமரைன் அமிலத்துக்கு ஆகாது. அந்தக் காலத்து ஆட்கள் நீலத்தைக் கண்டு பயந்ததற்குக் காரணம் இருந்தது. உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

மூன்றாவது, முன்கதவு. நிறம் சரியாக வந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் கதவின் கீழ்ப்பாதியில் பிசுபிசுப்பான பழுப்புக் கோடுகள் ஒழுகி நிற்கின்றன. மரத்தின் பால் வடிகிறது என்றார் உங்கள் பெயிண்டர். கதவு ஃபைபர் கிளாஸ். அதில் எந்த மரத்துப் பால் வடியும்? கடைசிப் பூச்சைச் சாயங்காலம் அடித்துவிட்டுப் போனார்கள், அன்று இரவு நல்ல பனி. உலர்ந்து முடியாத நீர்ப் பெயிண்டின் மேல் ஈரம் உட்கார்ந்தால், பெயிண்டுக்குள் கரைந்திருக்கும் சோப்பு போன்ற பொருள்கள் மேலே வந்து கோடாக வழியும். கலரன்ட் அதிகம் சேரும் இருண்ட நிறங்களில் இது இன்னும் அதிகம். காலையிலேயே அடித்திருந்தால் வந்தே இருக்காது. புதிதாக இருக்கும்போதே தண்ணீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. இப்போது வெயிலில் காய்ந்து இறுகிவிட்டது.

அதே கதவில், பதித்த சட்டங்களின் உள்மூலைகளில் வெள்ளைக் கீற்று தெரிகிறது. அடியில் வெள்ளை பிரைமர் போட்டிருக்கிறார்கள். டீப் பேஸ் பெயிண்டுக்கு மூடும் திறன் குறைவு என்பதால்தான் கருநீலத்துக்கு அடியில் சாம்பல் பிரைமர் போடுவார்கள். சாம்பல் போட்டால் ஒரு கோட் மிச்சம்கூட ஆகும். சரி, இது சின்ன விஷயம்.

தூசி தெரிகிறது என்றோ, மழைத்துளி காய்ந்த தடம் தெரிகிறது என்றோ நான் புகார் செய்யவில்லை. இருண்ட நிறத்தில் தெரியத்தான் செய்யும். தெரிந்துதான் எடுத்தேன்.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். வராந்தாத் தூண்களையும் மழைநீர்க் குழாய்களையும் கருநீலமாக்கிவிட்டீர்கள். கேட்டதற்கு, "பெயிண்ட் மிச்சம் இருந்தது, சேர்த்து அடித்தால் எடுப்பாக இருக்குமே என்று அடித்தோம்" என்றார்கள். நல்லெண்ணம்தான், நம்புகிறேன். ஆனால் கருநீலம் எடுப்பாக நிற்பதே அது குறைவாக இருக்கும்போதுதான். வெள்ளைப் பரப்பு நிறைய, மரத்தின் பழுப்பு கொஞ்சம், நீலம் அதைவிடக் கொஞ்சம். மரத்தின் சூடான நிறம் பக்கத்தில் இருந்தால்தான் நீலத்தின் குளிர்ச்சி கண்ணுக்குத் தெரியும். தூண்களை நீலத்தில் மூழ்கடித்ததும் அந்தப் பழுப்பு போய்விட்டது. இப்போது வாசலில் நின்று பார்த்தால் எது கதவு, எது தூண், எது குழாய் என்று கண் தடுமாறுகிறது. மறைந்திருக்க வேண்டிய மழைநீர்க் குழாய் வெள்ளைச் சுவரில் கோடு போட்டது போலத் தெரிகிறது. குழாயைச் சுவர் நிறத்திலேயே விடுவதுதானே வழக்கம்?

வடிவமைப்பாளர் காட்டிய படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினித் திரையில் நீலம் பளிச்சென்று இருந்தது. திரை ஒளியை வெளியே விடுகிறது, ஷட்டர் பலகை ஒளியை விழுங்குகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. அதனால்தான் பலகையில் சாம்பிள் அடித்துச் சுவரில் சாய்த்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். விரல் அகல ஷேட் கார்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். இப்போது கறுப்பு ஜன்னல் சட்டத்தை ஒட்டி நிற்கும் ஷட்டர்கள், நண்பகலைத் தவிர மற்ற நேரத்தில் கறுப்பாகவே தெரிகின்றன. கறுப்பு அடிக்கப் போய் நிறம் தப்பிவிட்டதோ என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். இரவில் நீங்கள் மாட்டிய 2700 கெல்வின் மஞ்சள் விளக்குகளின் கீழே மிச்சம் இருந்த நீலமும் போய்விடுகிறது. மஞ்சள் ஒளியில் நீலத்தின் பங்கே குறைவு, திருப்பி அனுப்ப அங்கே என்ன இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது இது. மேற்குப் பக்க ஷட்டர்கள் அத்தனையையும் கழற்றிவிட்டு, அலுமினியத்திலோ மரத்திலோ புதிதாகப் போட வேண்டும். பிவிசியே போடுவதென்றால், அதற்கேற்ற பெயிண்ட்தான் என்று எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். புதிய ஷட்டருக்கு இப்போதுள்ளதைவிட ஒரு படி வெளிச்சமான நீலம் எடுத்துக்கொள்ளலாம், கறுப்புச் சட்டத்திலிருந்து பிரிந்து தெரியட்டும். ஷெட் கதவில் உள்ள படலத்தை முழுக்கச் சுரண்டி எடுத்து, சாம்பல் பிரைமர் போட்டு, டீப் பேஸில் அடிக்க வேண்டும். இருப்பதன் மேலேயே இன்னொரு கோட் அடித்து மூடும் யோசனை வேண்டாம். இளகிய படலத்தின் மேல் எது அடித்தாலும் உரிந்துதான் வரும். முன்கதவைக் கழுவித் தேய்த்து ஒரு கோட் அடித்தால் போதும், காலையில். தூண்களில் உள்ள பெயிண்டை நீக்கி மரத்தை வெளியே கொண்டுவர வேண்டும், குழாய்களை வெள்ளையாக்க வேண்டும். எந்த வேலையும் தொடங்குவதற்கு முன் இரண்டடிப் பலகையில் சாம்பிள் அடித்து, காலையிலும் உச்சியிலும் மாலையிலும் அதே சுவரில் வைத்துப் பார்த்து நான் கையெழுத்திட்ட பிறகே டின் திறக்க வேண்டும். டிண்டிங் சூத்திரத்தின் நகலும் எனக்கு வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். ஒப்பந்தப்படி வேலை முடிந்த பிறகு தர வேண்டிய கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். வேலை முடியவில்லை என்பதே என் நிலை. பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் இதே ஆவணங்களோடு போவேன்.

நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை மூன்று மணிக்கு மேல் அனுப்புங்கள், மேற்குச் சுவரில் வெயில் இருக்கும் நேரம். வருபவர் பெயிண்ட் தெரிந்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: ஒப்பந்த நகல், ரசீது, டின் மற்றும் டிண்டிங் சீட்டின் படங்கள், ஷட்டர், ஷெட் கதவு, முன்கதவு, தூண்களின் படங்கள்