மாணிக்கத்துக்கு, லேபிள் விஷயமாக

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்றதும் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். நாங்களும் நலம். தேக்காவில் தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது, சனி ஞாயிறில் சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. வள்ளி முறுக்கும் பருப்புப்பொடியுமாக அடுப்படியே கதி.

சரி, தங்கச்சியின் ஊறுகாய் பாட்டில்களுக்கு வருவோம். முதல் வரிசை ஒழுங்காக விழுகிறது, கீழே போகப் போக எழுத்து பக்கத்து லேபிளில் ஏறிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். பாவம், பிரிண்டரைத் திட்டாதே. நீ எடுத்தது அமெரிக்க டெம்ப்ளேட், அதாவது அவர்கள் தாளுக்குக் கட்டம் போட்டு வைத்த மாதிரிக் கோப்பு. அவர்களுடைய லெட்டர் தாள் 215.9 மி.மீ. அகலம், 279.4 உயரம். உன் சிரம்பானிலும் எங்கள் சிங்கப்பூரிலும் கடையில் கிடைப்பது ஏ4, அதாவது 210க்கு 297. பிறகு எப்படிப் பொருந்தும்?

வோர்டில் மெயிலிங்ஸ், லேபிள்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போ. நிறுவனப் பட்டியலில் 'ஏவரி யுஎஸ் லெட்டர்' வேறு, 'ஏவரி ஏ4/ஏ5' வேறு. இரண்டாவதைத் தேர்ந்தெடு. நீ அனுப்பிய படத்தில் குறுக்கே 3, கீழ்நோக்கி 7, மொத்தம் 21 லேபிள் இருக்கிறது. அது பெரும்பாலும் ஏவரி கம்பெனியின் எல்7160 என்ற எண்ணுள்ள அளவாகத்தான் இருக்கும்: ஒவ்வொன்றும் 63.5க்கு 38.1 மி.மீ. வேறு கம்பெனித் தாளாக இருந்தாலும் பாக்கெட்டின் பின்பக்கம் பார், பல பாக்கெட்டுகளில் இணையான ஏவரி எண்ணைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அழகான டெம்ப்ளேட்டைத் தேடி இணையத்தில் அலைவது என்னைக் கேட்டால் வீண் வேலை. பூவும் கொடியும் பிறகு போட்டுக்கொள்ளலாம், முதலில் அளவு.

எண்ணே இல்லையா? ஸ்கேலை எடு. அதே ஆப்ஷன்ஸில் 'நியூ லேபிள்' இருக்கிறது. மேல் விளிம்பு, பக்க விளிம்பு, லேபிளின் உயரம், அகலம் எல்லாம் கேட்கும். அதில் 'பிட்ச்' என்று வருவதில்தான் பலர் சறுக்குவார்கள். அது இரண்டு லேபிளுக்கு நடுவே உள்ள இடைவெளி இல்லை. ஒரு லேபிளின் மேல்விளிம்பிலிருந்து அடுத்ததன் மேல்விளிம்பு வரை உள்ள தூரம். இதில் 1 மி.மீ. பிசகினாலும் ஏழாவது வரிசையில் 6 மி.மீ. ஆகிவிடும். எல்7160இல் மேலும் கீழும் இடைவெளியே கிடையாது, அதனால் உயரமும் பிட்ச்சும் ஒரே 38.1தான். ஓரத்தை ஒட்டிக் கட்டம் போடாதே. தாள் இம்மி நகர்ந்தாலும் கோணல் பளிச்சென்று தெரியும்.

தமிழுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. சில டெம்ப்ளேட்டுகளில் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இறுக்கிக் கட்டியிருக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும்; நம் எழுத்தில் 'கீ'யின் சுழி தலை வெட்டுப்பட்டு நிற்கும். அதை 'சிங்கிள்' என்று மாற்று. 'எலுமிச்சை ஊறுகாய்' ஒரே வரியில் அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்காமல் இரண்டு வரியாகப் போடு. கடுகெண்ணெய், நல்லெண்ணெய், எது சேர்த்திருக்கிறதோ அதையும் போடச் சொல், ஒவ்வாமை உள்ளவர்கள் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

லேபிள் அளவைத் தேர்ந்தெடுத்த பிறகு 'நியூ டாக்குமெண்ட்' அழுத்தினால், பக்கம் முழுக்கவும் வெறும் அட்டவணையாக வந்துவிடும். கோடு தெரியாவிட்டால் 'வியூ கிரிட்லைன்ஸ்' போட்டுப் பார். வோர்டுக்குப் பதிலாக லிப்ரேஆஃபிஸ் வைத்திருந்தால் இன்னும் சுகம்: லேபிள் பக்கம் உருவாக்கும்போதே 'சிங்க்ரனைஸ்' டிக் செய்துவிட்டால், முதல் லேபிளைத் திருத்தி ஒரு பொத்தானை அழுத்த, மற்றதெல்லாம் மாறிக்கொள்ளும்.

அச்சடிக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 100 சதவீதம். முதலில் வெள்ளைத் தாளில் அடித்து, லேபிள் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். இங்க்ஜெட்டுக்கான தாளை லேசர் பிரிண்டரில் விடாதே, சூட்டில் பசை உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

பாக்கெட்டில் எண் இல்லாவிட்டால் அளவுகளை எனக்கு அனுப்பு, ஃபைலைச் செய்து அனுப்பிவிடுகிறேன். கூலி ஒரு பாட்டில் மாங்காய், உப்பு கொஞ்சம் குறைவாக. பிரஷர் ஏறியிருப்பதாக வள்ளி கண்டிஷன் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
ராமு