தாத்தாவின் ரேஸரும் நீ அனுப்பிய ரேஸரும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் நண்பனிடம் கொடுத்தனுப்பிய ரேஸர் பெட்டி போன மாதமே முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. "எப்படி இருக்குப்பா, நானும் ஒன்று வாங்கலாமா" என்று நீ மூன்று தடவை கேட்டும் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் ஒரு ரேஸரைப் பற்றி நாலு நாளில் சொல்லிவிட முடியாது. ஒரு நாள் உன்னுடையது, மறுநாள் தாத்தாவுடையது, அதே சோப்பு, அதே பிரஷ் என்று முப்பது நாள் மாற்றி மாற்றி ஷேவ் செய்து பார்த்துவிட்டுத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தாத்தாவின் ரேஸர் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அவர் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாகப் போய் வியட்நாமின் சைகோனில் இருந்தபோது வாங்கியது. ஜெம் மைக்ரோமேட்டிக், ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள பிளேடு போடும் அமெரிக்கச் சரக்கு. பித்தளைத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்து மேலே நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். திரும்பி வரும்போது பிளேடு டப்பாக்களும் நிறையக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து பிளேடு சாதாரண கார்பன் எஃகு. நம் ஊர்க் கடல் காற்றில் ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் கூரில் துரு நிற்கும். அதனால் தினமும் ஷேவ் முடிந்ததும் பிளேடைக் கழற்றி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார். டப்பாக்கள் தீர்ந்தன. இங்கே அந்த பிளேடு எங்கும் கிடைக்கவில்லை. ரேஸர் டிரங்குப் பெட்டிக்குள் போனது.

எனக்கு இருபத்து இரண்டு வயதில் அதை எடுத்து, சலூனில் செய்வதுபோல சாதாரண இருபக்க பிளேடை இரண்டாக ஒடித்து உள்ளே வைத்துப் பார்த்தேன். தாடைக்குக் கீழே ஆழமாக இழுத்துவிட்டது. நீ சின்ன வயதில் விரல் வைத்து "இது என்னப்பா" என்று கேட்பாயே, அந்தத் தழும்பு அதுதான். ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் புரிந்தது. ஜெம் பிளேடின் பின்பக்கம் கெட்டியான ஒரு முதுகு மடித்து வைத்திருக்கும். ரேஸர் அந்த முதுகைப் பிடித்து முன்னால் தள்ளி, இரண்டு மூலையிலும் உள்ள சின்னப் பற்களில் கொண்டுபோய் நிறுத்தும். ஒடித்த பிளேடில் பிடிக்க முதுகே இல்லை, அதுவாகக் கோணிக்கொண்டு நின்றது. தடிமனும் வேறு. இருபக்க பிளேடு 0.1 மில்லிமீட்டர், ஜெம் பிளேடு ஏறத்தாழ 0.23. மெல்லிய பிளேடை ரேஸர் வளைத்துப் பிடித்தால்தான் விறைப்பாக நிற்கும். ஒருபக்க பிளேடு தானாகவே விறைப்பானது, கட்டையான முடியிலும் அதிராது.

தானே புயலில், 2011 டிசம்பர் 30 அன்று, ஓடு பறந்து பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது உனக்கு நினைவிருக்கும். ஆயாவின் பட்டுப்புடவை எல்லாம் வீணானது. ரேஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள் ஸ்பிரிங்கில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். அதற்கு அப்புறம் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ஜெம் பிளேடு கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அது துருப்பிடிக்காத எஃகில், பூச்சுடன் வருகிறது. அன்றிலிருந்து தாத்தாவின் ரேஸர்தான் எனக்கு.

சரி, உன்னுடைய புது ஒருபக்க ரேஸரைப் பற்றி. கையில் நல்ல கனம். கணினி மெஷினில் கடைந்தது, பிளேடுக்கும் கீழ்த் தகட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருக்கிறது. தகட்டை வளைத்துச் செய்த பழைய ரேஸரில் இந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. மூலைப் பல் ஒன்று கொஞ்சம் மடங்கியிருந்தால் போதும், பிளேடு சாய்ந்துவிடும். நீ அனுப்பியது முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசிய மலிவு ரேஸரில் ஒரு இடத்தில் முலாம் விட்டால் போதும், இந்தக் காற்றில் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

பிளேடைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஃபெதர் ஆர்ட்டிஸ்ட் கிளப், ஜப்பானில் நீ இருக்கும் நகோயாவுக்குப் பக்கத்தில் செகி ஊர்க்காரர்கள் செய்வது, பல நூறு ஆண்டு வாள் அடித்த ஊர். சலூன்காரர்களின் கத்திக்காகச் செய்த பிளேடு, இப்போது புது ஒருபக்க ரேஸர்கள் பலவும் இதையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு கூர் உள்ள பிளேடை என் முகம் இதுவரை பார்த்ததில்லை. கழுத்தில் முடி எந்தப் பக்கம் சுழித்திருந்தாலும் ஒரே இழுப்பில் போகிறது. தலைப்பகுதி ஒடுக்கமாக இருப்பதால் மூக்குக்குக் கீழேயும் தடையில்லை. அந்த இடத்தில் ஜெம்மின் அகலத் தலையோடு நான் தினமும் போராடுகிறேன்.

ஆனால் பிளேடு மாற்றுவதில் தாத்தாவுடையதுதான் மேல். அடியில் உள்ள திருகைச் சுழற்றினால் மேல்மூடி தானாகத் திறக்கும், பிளேடை நுழைத்து எதிர்ப்பக்கம் சுழற்றினால் வேலை முடிந்தது. உன்னுடையது மூன்று துண்டாகக் கழன்று வருகிறது, ஈரக்கையில் அந்த பிளேடைப் பிடிக்க எனக்கு நடுக்கமாக இருக்கிறது. கையைத் துடைத்துவிட்டுத்தான் தொடு, பக்கவாட்டைப் பிடி.

இன்னொன்று, சத்தம். ஜெம் ஒவ்வொரு முடியையும் சரக் சரக் என்று காதில் சொல்லும், கோணம் தப்பினால் அந்தச் சத்தம் மாறும். தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிளேடு தொடும் வரை பிடியைக் கொஞ்சமாக இறக்கு, அங்கே நிறுத்து. எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சத்தம்தான். உன்னுடையது மெதுவாகவே பேசுகிறது, ஆனால் சின்னத் தப்பைப் பொறுத்துக்கொள்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு அதுதான் வேண்டும்.

அதனால் நீ கேட்டதற்குப் பதில்: நீயும் இதே ரேஸரை ஒன்று வாங்கி, அந்த ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜை இன்றே நிறுத்து. வீடியோவில் உன் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை. 1971-இல் இரண்டு பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தபோதே சொன்ன தத்துவம், முதல் பிளேடு முடியை இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்தது வெட்டும் என்பது. அப்படி வெட்டிய முனை தோலுக்கு அடியில் போய்விடுகிறது. நம் வீட்டு முடி சுருட்டை, வெளியே வராமல் உள்ளேயே சுருண்டு கட்டியாகிறது. ஒரே பிளேடு தோல் மட்டத்தில் வெட்டிவிட்டு விடும். முதல் இரண்டு வாரம் முடி வளரும் போக்கிலேயே இழு, எதிர்ப்போக்கில் போகாதே. அழுத்தாதே, ரேஸரின் கனமே போதும். கூருக்குக் காப்பு வைத்த புரோகார்டு பிளேடு அதே ஃபெதரில் உண்டு, அதில் ஆரம்பி. முடித்ததும் படிகாரத்தை ஈரமாக்கித் தடவு, எங்கே எரிகிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

தாத்தாவின் ரேஸருக்குப் புது முலாம் போட்டுத் தருகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் தம்பி. பிடியில் அவர் கட்டைவிரல் பட்ட இடத்தில் நிக்கல் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது, என் விரலும் சரியாக அங்கேதான் உட்காருகிறது. அப்படியே இருக்கட்டும். ஸ்பிரிங்குக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது ஆர்ட்டிஸ்ட் கிளப் பிளேடு இரண்டு டப்பா கொண்டுவா, நீ அனுப்பியதில் பாதி தீர்ந்துவிட்டது. மைக்ரோமேட்டிக்கில் ஒரு காலை நீயும் ஷேவ் செய்து பார், நான் பக்கத்தில் நிற்கிறேன். அம்மா கேட்கச் சொன்னாள், கழுத்தில் அந்தச் சிவப்பு குறைந்திருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது விளக்குக்குக் கிட்டே வந்து தாடையைத் தூக்கிக் காட்டு.

அன்புடன்,
அப்பா