ஒரு லட்சம் கன அடி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மகன் எழுதிக்கொண்டது. நான் இங்கு நலம். அப்பாவின் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதைப் பற்றி அப்பா ஒன்றும் கேட்காமல் விட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நல்ல சேதி ஏதாவது வரட்டும், சேர்த்து எழுதலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

சித்தப்பா, சித்தி, பாப்பா மூவரும் சிங்கப்பூரிலிருந்து வந்து நான்கு நாள் டொரண்டோவில் இருந்தார்கள். மார்ச்சில் நான் வேறு வீட்டுக்கு மாறினேன். இது ஒரு வீட்டின் பேஸ்மென்ட், ஒரே அறை. அதனால் அவர்கள் ஓட்டலில் தங்கினார்கள். தரைக்குக் கீழே இருப்பதால் குளிர்காற்று உள்ளே வராது. அம்மா, நீ கவலைப்படாதே.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இத்தாலிக்காரர், எண்பது வயதிருக்கும். வாசலில் புல் வளர்க்காமல் தக்காளி போட்டிருக்கிறார். கொல்லையில் ஒரு அத்தி மரம். இந்தக் குளிரை அது தாங்காதாம். அதனால் பனி விழுவதற்கு முன்பே ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தை அப்படியே சாய்த்துக் குழிக்குள் படுக்க வைத்து, மேலே பலகை போட்டு மண்ணை மூடிவிடுவார். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார். இந்த வருஷம் நிமிர்த்தும்போது நானும் ஒரு கை பிடித்தேன். இப்போது இலை விட்டிருக்கிறது. தினமும் வேலைக்குப் போகும்போது அதை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

சனிக்கிழமை நயாகராவுக்குப் போனோம். 130 கிலோமீட்டர். சித்தப்பா வாடகைக் கார் எடுத்திருந்தார். என் காரை விற்றுவிட்டேன், இங்கே பஸ் வசதி நன்றாக இருக்கிறது. சித்தி சமைக்க என் அறைக்கே வந்துவிட்டார். விடியற்காலையில் எள்ளு வறுத்துப் பொடித்துப் போட்டுப் புளிச்சோறு கிளறினார். அந்த வாசனை இரண்டு நாள் அறையை விட்டுப் போகவில்லை. அருவிக்கு எதிரே பூங்காவில் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் மூன்று முறை வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா அருவியைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "எத்தனை கன அடிடா போகுது?" அப்பா, நீங்கள் வந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள் என்று முன்னாடியே படித்து வைத்திருந்தேன். இந்த ஆறு இரண்டு நாட்டுக்கும் நடுவே ஓடுகிறது. 1950-இல் கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன. கோடைக்காலத்தில் காலை 8 மணியிலிருந்து இரவு 10 வரை விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் விழ வேண்டும். மற்ற நேரத்தில் 50 ஆயிரம். மிச்சத்தை இரண்டு பேரும் சரிபாதியாக மின்சாரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனை வருஷமாக அது நடந்துகொண்டிருக்கிறது.

சித்தப்பா செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு லட்சம் நாள் முழுக்க விழுந்தால் நாளுக்கு 8.64 டி.எம்.சி. மேட்டூர் முழுக் கொள்ளளவு 93.47. காலியாகவே கிடந்தாலும் 11 நாளில் 120 அடியைத் தொட்டுவிடும். அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், அருவிக்கு மேலே ஆற்றுக்குள் ஷட்டர் இருக்கிறது என்றதும் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். 18 மதகு. கரையில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினோம்.

மதியம் அவர்கள் படகில் அருவிக்குக் கிட்டே போனார்கள். நம் கரையில் ஏறுகிறவர்களுக்குச் சிவப்பு மழைக்கோட்டு, அமெரிக்கக் கரையில் நீலம். நான் போகவில்லை. பைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றபோது காற்று திரும்பிச் சாரல் முகத்தில் அடித்தது. தண்ணீர் இவ்வளவு இருக்கிறது, ஆனால் மண் வாசனை இல்லை. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது நுரையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு வருமே, அதற்கு முன்னால் நானும் தம்பியும் கடைசி மடை வரை ஓடுவோமே, அம்மா பின்னாலேயே மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு வருவாயே, அந்த வாசனை. அப்பா, அன்று ராத்திரி பதினொன்றரைக்கு உங்கள் போனில் ஒரு மிஸ்டு கால் வந்திருக்கும். அது நான்தான். நீங்கள் எல்லாரும் தூங்கியிருப்பீர்கள் என்று உறைத்ததும் வைத்துவிட்டேன். அவசரம் ஒன்றுமில்லை.

சரி, அப்பா கடிதத்தில் கேட்டிருந்த நிலத்து விஷயம். திரும்பி வரும்போது காரில் கேட்டேன். சித்தப்பா தன் பங்கு ஆறு மா நிலத்தை வெளி ஆளுக்கு விற்கப் போவதில்லை. யாரோ தரகர் கிளப்பிவிட்ட பேச்சாம். "அண்ணன் நடுற வரைக்கும் அண்ணன்தான் நடணும்" என்றார், அதே வார்த்தைதான். ஆனால் தாத்தா பெயரிலேயே பட்டா கிடப்பது அவருக்கும் உறுத்துகிறது. தை மாதம் வருகிறார், வந்து கையெழுத்துப் போடுவார். அதற்குள் தாசில்தார் ஆபீசில் வாரிசு சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்து வையுங்கள். திருச்சி அத்தையிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் சொன்னால் வருத்தப்படுவார்.

மோட்டாருக்குக் காயில் கட்டக் கேட்ட பணத்தை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் அனுப்புகிறேன். இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருக்கிறது, கொஞ்சம் ஓய்வு. அதுவரைக்கும் அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் வைக்க வேண்டாம். மெக்கானிக்கிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள்.

தம்பியை விட்டுச் சிட்டா, அடங்கல் இரண்டையும் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாற்றங்கால் விட்டாயிற்றா? மேட்டூரில் இப்போது எத்தனை அடி நிற்கிறது, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்