ரேட் பலகைக்குப் பக்கத்தில் 14416

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துவாஸில் பைப் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். சிங்கப்பூர் வந்து 14 வருடம் ஆகிறது. சொந்த ஊர் கடலூர் மாவட்டம், காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிப் பாசனம்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி பதினொன்றே முக்காலுக்குத் தம்பி கூப்பிட்டான். ஊரில் அப்போது ஒன்பதே கால். "சாப்டியாண்ணே?" என்றான். நான் சீட்டுப் பணம் கட்டியாச்சா என்று கேட்டேன். வயலில் பத்து நாளாகத் தண்ணீர் வடியவில்லை, பயிர் அழுகிவிட்டது, நகையும் இன்னும் மீட்கவில்லை என்றான். எனக்குக் காலையில் ஐந்து மணிக்கு லாரி. "சரி, பாத்துக்கலாம்" என்று போனை வைக்கப் போனேன். "நீ நல்லா இருண்ணே. புள்ளைங்களப் பாத்துக்க" என்றான். அவன் அப்படிப் பேசுகிறவனே இல்லை. எனக்குத்தான் உறைக்கவில்லை. விடிகாலை இரண்டரைக்குத் தம்பி பெண்சாதி அழுதுகொண்டே கூப்பிட்டபோதுதான் அந்த வார்த்தை புரிந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் தம்பி பிழைத்தான். ஆஸ்பத்திரியில், கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனசுக்கு என்ன என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் திருநீறு பூசி, "இனிமே இப்படிப் பண்ணாதடா" என்றார்கள். அத்தோடு முடிந்தது.

அந்தக் கேஸ் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சை கொடுத்து ஆதரிக்க வேண்டும் என்று இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்த முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே கிடையாது. சிங்கப்பூரும் 2020 ஜனவரியிலிருந்து அதைக் குற்றமாக வைத்திருக்கவில்லை. இந்தச் செய்தி எங்கள் ஊர் டீக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

என் அறையில் இருக்கும் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர்தான் 14416 என்று ஒரு நம்பர் சொன்னார். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனை எண். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். தம்பி முதலில் மாட்டேன் என்றான். அப்புறம் ஒரு நாள் மோட்டார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறான். "அவரு புத்தி எதுவும் சொல்லலண்ணே. எப்பலேர்ந்து தூக்கம் வரலன்னு கேட்டாரு" என்றான். இரண்டு மாதமாகத் தூங்கவில்லையாம். அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவர்கள் சொன்னபடி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், தூங்குகிறான்.

சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எனக்குப் பயம். நானும் அந்த ஆலோசகரிடம் தம்பி மூலமாக இதைக் கேட்டேன். அப்படி ஆகாது, கேட்டால் பாரம்தான் இறங்கும் என்றாராம். இப்போது ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், பணத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன். முதல் தடவை நாக்கு எழவில்லை. ஆனால் அவன் கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப இல்லண்ணே" என்றான்.

2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் இப்படிப் போயிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மொத்தத்தில் கால்வாசிக்கும் மேல் அன்றாடக் கூலிகள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு அது. ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995க்குப் பிறகு இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கமே சென்னையின் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வங்கி லாக்கர் மாதிரி பொது இடத்தில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தது. அந்த நேரத்து வேகம் தணிகிறவரை தாமதமானாலே ஓர் உயிர் தப்புகிறது. எங்கள் வீட்டிலும் இப்போது அப்படி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பப் போகும் ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது இன்றைய ரேட் பலகையைத்தான். அதற்குப் பக்கத்தில் இந்த எண்களை எழுதி ஒட்ட வேண்டும். உங்கள் பத்திரிகையிலும் வாரம் ஒரு நாள், ஒரு மூலையில் போட வேண்டும்: ஊரில் இருப்பவர்களுக்கு 14416, சிநேகா 044-24640050. இங்கே நமக்கே தாங்க முடியாமல் போனால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767, வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்செர்வ் 3129 5000. இந்த இரண்டும் 24 மணி நேரமும் உண்டு.

போன வாரம் ஒரு கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "பெரிய எழுத்துல எழுதிக் கொண்டாங்க தம்பி, நானே ஒட்டுறேன்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற கடைகளுக்கு நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இப்படிக்கு,
காட்டுமன்னார்கோயில்காரன், துவாஸ்
(தம்பிக்காகப் பெயர் வெளியிட வேண்டாம்)