நாற்பது பேருக்கும் ஒரு பத்தி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலை நடை போகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது. அடுத்த மாதம் வீடு மாறுகிறாள். அதையெல்லாம் நேரில் பேசுவோம். நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக, பள்ளி முடித்துப் போகிற நாற்பது பேரைப் பற்றியும் ஆளுக்கொரு பத்தி, பிரியமும் வேடிக்கையுமாக; அதை எப்படி எழுதவைப்பது என்று கேட்டிருந்தாய். எழுதுவது மாணவர்கள், மேற்பார்வை நீ. மலரில் முதல்வர் வாழ்த்தையும் ஆண்டறிக்கையையும் ஒரு தடவை புரட்டுவார்கள். இந்தப் பக்கங்களை மட்டும் வருடக்கணக்கில் எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே இதற்கு ஆறு வாரமாவது ஒதுக்கு. கடைசி வாரத்தில் ஒரே மூச்சில் எழுதினால், முதல் பத்துப் பேருக்கு நகைச்சுவை இருக்கும், மீதி முப்பது பேருக்கு வாழ்த்து மடல் வாசகம்தான் இருக்கும்.

முதலில் சரக்கு சேர வேண்டும். எழுதுகிற பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் நாற்பது பேரையும் அவர்களுக்கு ஒரே அளவில் தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் மூன்று துண்டுச்சீட்டு கொடு, மூன்று வகுப்புத் தோழர் பெயர் எழுதி. ஒன்று பக்கத்து பெஞ்சு, ஒன்று பேருந்திலோ விளையாட்டுக் குழுவிலோ உடன் வருபவர், மூன்றாவது அதிகம் பழகாதவர். ஆக 120 சீட்டு. ஒவ்வொரு பெயரும் மூன்று சீட்டில் வரும்படி பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று பேர் எழுதியிருப்பார்கள். ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்று மட்டும் கேட்டுவிடாதே. ‘ஜாலி டைப், எல்லோரிடமும் நன்றாகப் பழகுவார்’ என்று 120 சீட்டிலும் வந்து நிற்கும். மணி அடித்ததும் முதலில் என்ன செய்வார், அடிக்கடி சொல்கிற வார்த்தை எது, உனக்குச் செய்த எதை நீ மறக்கவில்லை: இந்த மூன்றும் போதும். முதல் இரண்டில் வேடிக்கை கிடைக்கும், மூன்றாவதில் பிரியம் கிடைக்கும். ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் அதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் எழுதியதை விசாரித்துவிட்டு எடு. சில சீட்டில் பழைய சண்டையும் எட்டிப் பார்க்கும்.

வாயாடிகளையும் குறும்புக்காரர்களையும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். கஷ்டம், வகுப்பில் சத்தமே போடாத பிள்ளைகள். அவர்களைக் கடைசிக்கு ஒத்திப்போட்டால் ‘அமைதியின் சிகரம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதனால் அவர்களிடமிருந்தே தொடங்கச் சொல். ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

‘வகுப்பில் பாதிப் பேர் இவள் குரலை வருகைப் பதிவின்போது மட்டும்தான் கேட்டிருப்பார்கள். மீதிப் பாதிப் பேர், தேர்வுக்கு முந்தின இரவு இவளுடைய வேதியியல் நோட்டைப் படமெடுத்துக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தவர்கள். ஸ்கேல் வைத்துப் போட்ட ஓரக்கோடு, பச்சை மையில் சமன்பாடுகள், அடியில் பென்சிலில் பொடி எழுத்தாக ஒரு குறிப்பு: இது வரும். வந்தது.’

இதில் அவள் அமைதியானவள் என்றோ நல்லவள் என்றோ எங்கும் எழுதவில்லை, கவனி. பச்சை மையும் பென்சில் குறிப்பும் அதைச் சொல்லிவிடுகின்றன. பெயரடை வந்து உட்காரும் இடத்தில் ஒரு செயலையோ பொருளையோ வைத்தால் பத்தி தானாக உயிர் பெறும். சோதிக்க எளிய வழி உண்டு. பெயரை மறைத்து வகுப்பில் படிக்கச் சொல். மூன்றாம் வரிக்குள் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பத்தி தேறியது. ‘சிரித்த முகம், நட்பின் இலக்கணம், வகுப்பின் உயிர்நாடி’ என்பதில் யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதை மொத்தமாக அடித்துவிடு.

வேடிக்கைக்கு வருவோம். இந்த வகை எழுத்துக்கு நம் அணி இலக்கணத்தில் இருக்கிற வஞ்சப்புகழ்ச்சியைவிட, அதாவது இகழ்வதுபோல் புகழ்வது, புகழ்வதுபோல் இகழ்வது என்பதைவிட, பொருத்தமான வழி எனக்குத் தெரியாது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு. புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் படைக்கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன; எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். குறை போலச் சொன்னதெல்லாம் அதியமானின் பெருமை. நமக்கு வேண்டியது இந்தப் பாதி மட்டும். புகழ்வதுபோல் குத்துகிற மறுபாதி தூதுக்கு உதவும், தோழனுக்கு உதவாது. குறை போலத் தொடங்கி நிறையில் முடிய வேண்டும். இப்படி:

‘மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும். வகுப்பு மொத்தமும் புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருக்கும். அப்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும்: சார், ஒரே ஒரு டவுட். அந்த ஒரே ஒன்று இடைவேளையை விழுங்கிவிடும். பின்னாலிருந்து எல்லோரும் பல்லைக் கடிப்பார்கள். அதே டவுட் தங்களுக்கும் இருந்ததை அவர்களில் ஒருவரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.’

எதைக் கேலி செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் கறாராக இரு. அவர்களாகச் செய்கிற காரியங்கள், பிடிவாதங்கள், பழக்கங்கள், சொல்லுகிற சாக்குகள் எல்லாம் கைக்கு எட்டும் தூரம்தான். உடம்பு, நிறம், உயரம், திக்குவாய், மதிப்பெண், சாதி மதம், வீட்டு நிலைமை, யாரோடு யாரைச் சேர்த்துப் பேசினார்கள் என்பது, இவை எதுவும் வேண்டாம். பட்டப்பெயர் தனி விவகாரம். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிற பெயரும் உண்டு. வேறு வழியில்லாமல் திரும்புகிற பெயரும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. உரியவரைத் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் அச்சேற்ற வேண்டும்.

தனியார் பள்ளிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. மழலை வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்களுக்குச் சீட்டில் விஷயம் குவியும். கடைசி இரண்டு வருடத்துக்குச் சேர்ந்தவர்களுக்கு மூன்று வரி தேறுவதே பாடு. எல்லோருக்கும் அளவு ஒன்றுதான், 35 முதல் 50 சொல், அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடு. காரில் வந்து இறங்குவது, விடுமுறைக்கு வெளிநாடு போவது, விலை உயர்ந்த காலணி, இவற்றைப் பெருமையாகவும் எழுத வேண்டாம், கேலியாகவும் வேண்டாம். கட்டணச் சலுகையில் படிக்கிற பிள்ளை பக்கத்துப் பத்தியில் இருக்கும். மலருக்கு விளம்பரம் கொடுத்த பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு நாலு வரி கூடக் கேட்பார்கள். முதல் நாளே விதி சொல்லியிருந்தால் அன்றைக்கு உன் பதில் தயாராக இருக்கும். வரிசையும் வருகைப் பதிவேட்டு வரிசையே. அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வரைவு எல்லாம் வந்ததும் ஒரு தாளில் பெயர்களை எழுதி, எதிரே அந்தப் பத்தியின் மையம் என்ன என்று ஒரு சொல் குறித்துக்கொள். ‘தாமதம்’ ஆறு இடத்தில் இருக்கும், ‘தூக்கம்’ ஐந்தில். எந்த மையமும் இரண்டு பேருக்கு மேல் போகாமல் மாற்றச் சொல். அதே தாளில் பையன்களையும் பெண்களையும் தனித்தனியே பார். பையனுக்கெல்லாம் குறும்பு, பெண்ணுக்கெல்லாம் கண்ணீரும் அழகான கையெழுத்தும் என்று விழுந்திருந்தால், பிள்ளைகளைப் பார்த்து எழுதவில்லை, பழக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். இவன், இவள் என்பதா இவர் என்பதா என்பதையும் ஒருதரம் முடிவு செய்துவிடு. கூடப் படித்தவர்கள் எழுதுவதால் இவன், இவள் என்பதில்தான் எனக்கு ஒட்டுதல் தெரிகிறது; ஆனால் பாதிக்குப் பாதி கலந்தால் யாரை மதித்தார்கள் என்ற பேச்சு கிளம்பும். ‘நாளைய கலெக்டர்’ வகை ஆரூடங்களை அடியோடு எடுத்துவிடு. தேர்வு முடிவு வந்தபின் அதைப் படிக்கிற பிள்ளைக்கு அது பாரம்.

அச்சுக்கு முன் ஒவ்வொருவர் பத்தியையும் தனித் தாளில் அவரவரிடமே கொடுத்துவிடு. பிடிக்காத வரியைக் காரணம் சொல்லாமல் அடிக்கலாம் என்று சொல். ஆச்சரியம் போய்விடுமே என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். போகட்டும், அச்சேறிய வருத்தத்தைத் திரும்ப வாங்க முடியாது. பெயர், இனிஷியல், ண-ன, ர-ற எல்லாவற்றையும் அந்தத் தாளிலேயே அவர்களே திருத்திக் கையெழுத்துப் போடட்டும்.

பக்கக் கணக்கு, மலரோடு தனிப் புத்தகமாக வைக்கிற இந்தப் பகுதிக்கு மட்டும்: ஏ5 அளவில் பக்கத்துக்கு இரண்டு பேர், 20 பக்கம். முகப்பு, ஆசிரியர்கள், குழுப்படம், இடையில் பள்ளி மாறிப் போனவர்களுக்கு ஆளுக்கொரு வரி, ஆக இன்னும் 4. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வேண்டும். 24 சரியாக உட்காருகிறது, அட்டை தனி. புகைப்படம் 3.5 × 4.5 செ.மீ. அளவில் தெளிவாக விழ, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில், குறைந்தது 413 × 531 பிக்சல் தேவை. குழுப்படத்திலிருந்து முகத்தை வெட்டினால் அவ்வளவு தேறாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் படம் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல். எழுத்தை யூனிகோடில் கொடு. அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள் என்றால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும். மாற்றியபிறகு ஒரு மெய்ப்பு, அதாவது பிழை பார்க்கிற பிரதி, காகிதத்தில் எடுத்து, திரையில் பார்க்காமல் தாளில் படி.

அந்த மெய்ப்பில் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. இரண்டு நாளில் படித்துத் திருத்தி அனுப்பிவிடுகிறேன்; உன் பிள்ளைகளை எனக்குத் தெரியாது என்பதால் எந்த வரி வெளியாளுக்கும் புரிகிறது, எது புரியவில்லை என்றும் சொல்ல முடியும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்