அறுகிற நூலில் கட்டிப் பழகு

அன்பு மகளுக்கு,

ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளில் முடியை நூலால் கட்டி நீ செய்த ஜிக் என்கிற போலி இரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது மீனிலேயே முடி மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிட்டது, நூலுக்கு வலு போதவில்லை என்று எழுதியிருந்தாய். நூல் அப்படியே இருக்கிறதே, பார்த்தாயா? முடிதான் கழன்றிருக்கிறது.

கடையில் இருப்பதிலேயே வலுவானதாகப் பார்த்து அந்த ஜெல்-ஸ்பன் பாலிஎத்திலீன் நூலை வாங்கியிருக்கிறாய். அது வழவழவென்று இருக்கும். மெழுகு தடவாமல் ஜிக்கின் கழுத்தில் சுற்றினால் கட்டு மோதிரம் மாதிரி சுழலும். பிடிக்கவில்லையே என்று நீ இன்னும் இழுத்திருப்பாய். நூல் நீளவும் நீளாது, அறவும் அறாது. மெல்லியது வேறு, முடியைத்தான் அறுக்கும். நானும் ஒரு காலத்தில் கெவ்லார் என்ற, லேசில் அறாத நூலை வாங்கி வைத்துக்கொண்டு இதே கூத்தை அடித்தவன்தான். அதை வெட்டி வெட்டி நல்ல கத்தரிக்கோல் ஒன்று மழுங்கியதுதான் மிச்சம். உன் அம்மாவுடையது அது.

கொஞ்ச நாள் நைலானில் கட்டு. இழுத்தால் அது சற்று நீளும். சுற்றி முடித்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் முடியைக் கவ்விக்கொள்கிறது. பாலியெஸ்டரும் மோசமில்லை, ஆனால் அவ்வளவு நீண்டுகொடுக்காது.

கனத்துக்கு டெனியரைப் பார். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அதுதான் டெனியர். மான்வால் முடிக்கு 210 எடு. மெல்லிய இறகு கட்டும் சின்ன ஜிக்குக்கு 140 போதும். சில கண்டுகளில் 3/0, 6/0 என்று போட்டிருப்பார்கள். எண் ஏற ஏற நூல் மெலியும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஒரு கம்பெனியின் 6/0 இன்னொரு கம்பெனியின் 6/0 ஆக இருக்காது.

வாங்கியதும் முடியைத் தொடாதே. வெறும் முள்ளில் நாலு சுற்று சுற்றி, அறுகிறவரை மெதுவாக இழு. பத்துத் தடவையாவது செய். அறுவதற்குச் சற்று முன்னால் நூல் கையில் எப்படி இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கட்டும்போது அதற்கு ஒரு மயிரிழை முன்பு நிறுத்தினால் சரி. உன்னுடைய வலுவான நூலில் இதைப் பழகவே முடியாது. அது அறுவதற்குள் முள் வளைந்துவிடும்.

அப்புறம், முறுக்கு. சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். முடியைப் பிடிக்கிற முதல் சுற்றுகளுக்கு அது நல்லது, நூல் உருண்டு நன்றாகக் கடிக்கும். ஆனால் அடியில் போடும் சுற்றும் கடைசிச் சுற்றும் பட்டையாகப் படிய வேண்டும். நூல் கண்டு மாட்டியிருக்கும் பிடியை, அதாவது பாபினைத் தொங்கவிட்டு எதிர்ப்பக்கமாகச் சுழற்று, முறுக்கு பிரிந்துவிடும்.

நீ இழுக்காமலேயே நூல் அறுந்தால் நூலைத் திட்டாதே. நூல் வெளியே வரும் பாபின் குழாயின் வாயில் பிசிறு இருக்கிறதா, ஈயத் தலையின் ஓரத்தில் பெயின்ட் கூராக நிற்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். எனக்குப் பெரும்பாலும் முள்முனையில் உரசித்தான் அறும்.

வாங்கிய நூலைத் தூக்கிப் போடாதே, மெழுகு தடவிப் பெரிய ஜிக்குக்குப் பிறகு பயன்படுத்தலாம். நைலான் கண்டை ஜன்னலோரம் வைக்காதே, வெயிலில் வலு போய்விடும்.

அடுத்த படத்தில் கட்டைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா